லெஃப்டுக்கும் அதேதான்

சீட்டு கிழிந்தால் மற்றவர்களுக்கு வேலை போகும். சீட்டக்காவுக்கு மட்டும் வேலை வரும். பஸ் பணிமனையில் இருக்கை தைப்பவள் அவள். பிளேடால் கீறியது, ஆணி மாட்டிக் கிழிந்தது, ஜன்னலோரத்து மகராசன் பொழுது போகாமல் நோண்டி நோண்டி ஸ்பாஞ்சை வெளியே எடுத்தது எல்லாம் அவளிடம்தான் வந்து சேரும். "கிழிக்கிறவங்க நல்லா இருக்கணும், அவங்க புண்ணியத்துலதான் என் பொண்ணு படிச்சா" என்பாள். விவரம் தெரியாத சிலர், இவள் ரம்மி ஆடுகிறவள் போலிருக்கிறது என்று நினைத்துத் தள்ளி நின்றதும் உண்டு. ஆள் குள்ளம். ஊரிலுள்ள அத்தனை பஸ்ஸுக்கும் அவள் தைத்த இருக்கைதான், ஆனால் எதில் உட்கார்ந்தாலும் அவள் கால் மட்டும் தரையைத் தொடாது.

கணவரும் அதே பணிமனையில் டிரைவர். அவர்கள் கல்யாணமே ஒரு கிழிசலில்தான் தொடங்கியது. அவர் ஓட்டிய பஸ்ஸில் பயணிகள் சீட்டெல்லாம் பத்திரமாக இருக்க, டிரைவர் சீட் மட்டும் மாதம் தவறாமல் கிழிந்தது. திட்டிக்கொண்டே தைத்துக் கொடுப்பாள். அவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பார். கிழிப்பது யார் என்று பணிமனையில் எல்லோருக்கும் புரிந்து, கடைசியில் இவளுக்கும் புரிந்தது.

அப்படிப்பட்ட மனிதர் பல வருஷம் கழித்து இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். படகுத்துறையில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு சின்னப் பாய்மரப் படகு. ஊரைவிட்டுப் போன யாரோ, இடத்தைக் காலி செய்தால் போதும் என்று சும்மா கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வாரம் முழுக்க நெரிசலில் ஹார்ன் அடித்து நொந்துபோனவருக்கு ஹார்னே இல்லாத ஒரு வண்டி கிடைத்தால் விடுவாரா? ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கேதான். ஓட்டை அடைப்பார், மரத்தை இழைப்பார், பாயைத் தைக்கத் தெரியாமல் தைப்பார். வீட்டில் ஒரு தைக்கிறவள் இருக்கிறாளே என்று அவர் ஒருநாளும் அந்தப் பாயைக் கொண்டுவந்து நீட்டியதில்லை, பயம். இவள் அந்தப் படகைச் சக்களத்தி என்றே சொல்வாள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள், பிறகு அது வீம்பாகிவிட்டது. துறைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்றாள், படுக்கவும் இல்லை.

அவர் ஓய்வு பெற்ற அன்று இவள் ஒரு வார்த்தை சொன்னாள். "இனிமே ஏழு நாளும் ஞாயித்துக்கிழமைதான். ஏழு நாளும் அங்கேயே போய் உக்காருவீங்கன்னா என்கிட்ட இப்பவே சொல்லிடுங்க."

அவர் சண்டை போடுவார், தான் விட்டுக்கொடுப்பது போல விட்டுக்கொடுத்து ஒரு நாளைக் குறைத்து வாங்கலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அவரோ, "சரிம்மா, வித்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார். ஜெயித்துவிட்டாள். ஆனால் ஜெயித்த சந்தோஷம் வரவில்லை. வாய்க்கு ருசியில்லாமல் இரண்டு நாள் திரிந்தாள்.

வாங்க வந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். நல்ல மனிதர், குறை சொல்லக் கூடாது. மரம், பாய், கயிறு எல்லாம் அவருக்குப் பிடித்துவிட்டது. கீழே சின்ன அறையில் இரண்டு பக்கமும் இருந்த பெஞ்சு மெத்தைகள் மட்டும் மக்கிப்போய், உள்ளே போனவரை மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே விரட்டின. அதைச் சரிசெய்துவிட்டால் அடுத்த ஞாயிறு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். வெளியே ஒரு கடையில் விசாரித்ததில், அவன் கேட்ட கூலிக்கு இன்னொரு படகே வாங்கலாம் போலிருந்தது. கணவர் தயங்கித் தயங்கி வீட்டுக்கு வந்து சொல்ல, இவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நானே தைக்கிறேன் என்றாள். சக்களத்தியை வழியனுப்பப் புதுத் துணி தைத்துக் கொடுப்பதில் ஒரு பெருந்தன்மை இருக்கிறதல்லவா?

ஆனால் துறைக்கு வரமாட்டாள். அளவை நீங்களே எடுத்து வாருங்கள் என்றுவிட்டாள். அவர் நாளிதழ்த் தாள்களை ஒட்டி, பெஞ்சின் மேல் விரித்து, ஓரத்தை மடித்து வெட்டிக் கொண்டுவந்தார். உள்பக்கம் நேர்க்கோடு, வெளிப்பக்கம் படகின் வயிறுபோல வளைவு, முன்னால் போகப் போகக் குறுகல்.

"இது ரைட் சைடு. லெஃப்டுக்கு?"

"லெஃப்டுக்கும் அதேதான்."

இரண்டு பேருக்கும் அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. வருமா? பஸ்ஸில் இந்தப் பக்கத்து சீட்டைக் கழற்றி அந்தப் பக்கம் மாட்டினால் மாட்டிக்கொள்ளும். ஆயுசு முழுக்க ஒருத்தி அதைத் தைத்தாள், ஒருத்தர் அதை ஓட்டினார்.

வேலை மளமளவென்று நடந்தது. பணிமனையில் கழித்துப்போட்ட பழைய இருக்கைகளிலிருந்து ஸ்பாஞ்சை உரித்தாள். அழுத்திப் பார்த்து எழுந்து வந்ததை எடுத்துக்கொண்டாள், அழுந்தியே கிடந்ததை விட்டுவிட்டாள். ரொட்டி வெட்டும் கத்தியால் அறுத்து, துண்டுகளைப் பசை போட்டு ஒட்டி, வெயிலில் காயவைத்தாள். மேல் துணிக்கு, பஸ்ஸுக்கு வாங்கி மிச்சப்பட்ட நீலச் சீட்டுத் துணி சல்லிசாகக் கிடைத்தது. ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்பார்களே, அது இப்படித் துணி வழியாக நடக்கும் என்று சொன்னவர்களுக்கே தெரிந்திருக்காது. ஜிப்புக்குப் பழைய பயணப் பைகளைப் பிரித்தாள்.

நீலத் துணி மேல்பக்கத்துக்கும் சுற்றுச் சுவருக்கும் சரியாக இருந்தது. அடிப்பக்கத்துக்கு இல்லை. அடியில் பருத்தி இருந்தால் காற்றோடும், ஈரம் தங்காது என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு பரண் மூட்டையை அவிழ்த்தாள். அவருடைய காக்கிச் சட்டைகள். மகளின் முதல் பள்ளிக்கூட கவுன், மைக்கறையோடு. கல்யாணமான புதிதில் குடியிருந்த ஒற்றை அறையின் மஞ்சள் பூப்போட்ட ஜன்னல் திரை. மகள் பிறந்தபோது சுற்றித் தூக்கிவந்த துண்டு. எல்லாவற்றையும் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப்போட்டாள். பார்க்க வந்த மகளுக்கு மனசு கேட்கவில்லை. நம் வீட்டுத் துணியெல்லாம் யாரோ ஒருத்தர் படகுக்கா என்று கேட்டாள்.

"அடியிலதானடி இருக்கப் போவுது. யாரு பாக்கப் போறா?"

ஞாயிறு காலை அவர் மெத்தைகளை ஒரு ஆட்டோவில் அடுக்கிக்கொண்டு போனார். போன வேகத்தில் திரும்பி வந்து, சொல்லிவைத்தாற்போலக் கப்பல் கவிழ்ந்த மாதிரி கன்னத்தில் கை வைத்து வாசற்படியில் உட்கார்ந்தார். வலது பக்கம் அளவெடுத்தாற்போல உட்கார்ந்துவிட்டதாம். இடது பக்கம், வளைவு வரவேண்டிய இடத்தில் நேராகவும் நேராக வரவேண்டிய இடத்தில் வளைவாகவும் முட்டிக்கொண்டு நிற்கிறதாம். இரண்டு செருப்பையும் வலது காலுக்கே தைத்த கதை. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. பிரித்துத் தைக்கலாம் என்றால், திருப்பிப்போட்டால் துணியின் நல்ல முகம் உள்ளே போய்விடும். வெட்டிப் புதிதாகத் தைக்க ஒரு முழம் நீலத் துணியும் மிச்சமில்லை. மதியம் கண்ணாடிக் கடைக்காரர் வந்துவிடுவார்.

தொழில் என்று வந்துவிட்டால் வீம்பு எம்மாத்திரம்? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

படகில் கால் வைத்ததும் அது ஆடியது. கணவர் தோளைப் பிடித்துக்கொண்டு, சக்களத்தி தள்ளிவிடப் பார்க்கிறாள் என்று முணுமுணுத்தபடி கீழே இறங்கினாள். அறை, அவள் நினைத்ததைவிடச் சின்னது, அவள் நினைத்ததைவிட அழகு. ஒவ்வொரு பலகையும் கை வழுக்கும்படி இழைக்கப்பட்டிருந்தது. முட்டிக்கொண்டு நின்ற மெத்தையைப் பார்த்தாள், பெஞ்சைப் பார்த்தாள், மெத்தையைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டாள். வளைவு வளைவோடு போய்ச் சேர்ந்தது. இம்மி பிசகவில்லை. இடது பக்கத்து மெத்தைகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். வலது பக்கம் முழுக்க நீலம், இடது பக்கம் முழுக்க இவர்கள் வீடு. காக்கிச் சட்டைப் பையோடு அப்படியே இருந்தது. மஞ்சள் பூத் திரை, கூரைச் சாளர வெளிச்சத்தில் அந்த ஒற்றை அறையில் இருந்ததைவிடப் பிரகாசமாக இருந்தது.

மூச்சு வாங்க அந்தத் திரையின் மேலேயே உட்கார்ந்தாள். கால் எதிலோ பட்டது. குனிந்து பார்த்தாள். பெஞ்சின் கீழே, இடது பக்கம் மட்டும், ஒரு சின்னப் பலகை, கால் வைக்கும் உயரத்தில். அடித்த ஆணிகள் துருப்பிடித்திருந்தன. நேற்றோ முந்தாநாளோ அடித்ததில்லை.

"இது என்னங்க, யாருக்கு?"

அவர் கூரையைப் பார்த்தார். "உனக்குத்தான். வாங்கின புதுசுலயே அடிச்சேன். என்னிக்காவது வருவேல்ல, கால் தொங்குமேன்னு."

அவளுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. இரண்டையும் மறைக்க, மெத்தையின் ஓரத்தில் இல்லாத நூலைத் தேடிப் பிடுங்கினாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கண்ணாடிக் கடைக்காரர் வந்தார். குனிந்து உள்ளே வந்து, வலது பக்கத்தைத் தட்டிப் பார்த்து மெச்சினார். இடது பக்கத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். காட்சி மாறவில்லை.

"பரவால்லைங்க, துணி பத்தலபோல. இந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு நான் வேற தச்சுக்கறேன்."

கிழிப்பவர்களை வாழ்த்தியே பிழைத்த சீட்டக்காவுக்கு அந்த ஒரு வார்த்தை சுருக்கென்றது.

"அது கிழிக்கறதுக்கு இல்லைங்க."

சரி, கிழிக்கவில்லை, கழற்றிக் கொடுத்துவிடுகிறேன், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். நியாயமான பேச்சுத்தான். அவள் எழுந்திருக்கவில்லை. கால் பலகையில் ஊன்றியிருந்தது.

"லெஃப்ட் சைடு விக்கறதா இல்லைங்க."

கணவர் திகைத்துப் போனார். "பாதிப் படகை எப்படிம்மா விக்கறது?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

கண்ணாடிக் கடைக்காரர் அவளைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். போய்விட்ட கடைசி பஸ் தனக்காகப் பின்னோக்கி வருவதைக் கண்டவர் போல நின்றிருந்தார் கணவர். கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்போ, கிழிஞ்சது என் சீட்டுதானா?"

"அதை நான் தச்சுக் குடுத்துடறேன்" என்றாள் சீட்டக்கா. அவர் கடையில் வாடிக்கையாளர்கள் உட்காரும் நாற்காலிகளெல்லாம் எப்படி இருக்கின்றன என்று விசாரித்தாள். மோசம் என்றார். எல்லாவற்றையும் அனுப்பிவையுங்கள், கூலி வேண்டாம் என்றாள். வந்தது வந்தீர்கள், ரைட் சைடு காலியாகத்தான் இருக்கிறது, உட்காருங்கள், ஒரு சுற்றுப் போய்வரலாம் என்றும் சொன்னாள். அவர் நீலத்தில் உட்கார்ந்தார்.

கணவர் மேலே போய்க் கயிற்றை அவிழ்த்தார், பாயை ஏற்றினார். இரண்டு முறை முடிச்சு தவறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு முடிச்சுப் போட்டால் அப்படித்தான் ஆகும். சுக்கானைப் பிடித்து உட்கார்ந்துவிட்டு, போகலாமா என்று கேட்கத் தைரியமில்லாமல் உள்ளே எட்டிப் பார்த்தார்.

அவள் பக்கத்துப் பலகையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"ரைட், போலாம்."

பழக்கதோஷத்தில் அவருடைய இடது கால், படகில் இல்லாத கிளட்சைத் தேடி மிதித்தது.