பேய்க் காதலனும் இன்வெர்ட்டரும்

போன ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு வலியசாலையில் ஒரு வீட்டு மாடி அறையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே தட்டு நிறைய உளுந்து வடை. என்னால் சாப்பிட முடியவில்லை. வடையில் ஒரு குறையும் இல்லை... பக்கத்தில் என் தங்கை மகள் நித்யா உட்கார்ந்திருந்ததுதான் காரணம்.

நித்யாவுக்கு இருபத்துநாலு வயது. கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலை. ஆபீஸ் பஸ்ஸில் போகிறபோதும் வருகிறபோதும் மொபைலிலேயே ஒரு நாவல் எழுதி, புனைபெயரில் புத்தகமாகவும் போட்டுவிட்டாள். ப்ளஸ் ஒன் படிக்கிற ஒரு பெண்ணுக்கும் ஒரு பேய்ப் பையனுக்கும் காதல். பையன் எப்போதோ ஷாக் அடித்துச் செத்தவன். அதனால் கரண்ட் போனால்தான் வருவான். அவனைப் பார்ப்பதற்காக அந்தப் பெண் தினமும் வீட்டு ஃப்யூஸைப் பிடுங்குகிறாள். கடைசி அத்தியாயத்தில் அப்பா ஒரு இன்வெர்ட்டர் வாங்கி மாட்டிவிடுகிறார். காதலர்கள் பிரிகிறார்கள்.

சிரிக்காதீர்கள். அந்தக் கடைசி அத்தியாயத்தை நானே இரண்டு தடவை படித்தேன்.

ஆன்லைனில் வந்த கருத்துகள்தான் அவளைக் குழப்பிவிட்டன. ஒருவர் ஐந்து நட்சத்திரம், அடுத்தவர் ஒன்று. நடுவில் ஆளே இல்லை.

"ஒருத்தி ராத்திரி முழுக்க அழுதேங்கறா. இன்னொருத்தன் தலைவலி மாத்திரை போட்டுண்டேங்கறான். யாரை நம்பறது மாமா?"

இதற்கிடையில் இரண்டாம் பாகம் எட்டு அத்தியாயம் எழுதியாகிவிட்டது. எட்டிலும் காதலர்கள் ஒரு தடவைகூடச் சந்திக்கவில்லை. எப்படிச் சந்திப்பார்கள்? அதுதான் வீட்டில் இன்வெர்ட்டர் வந்துவிட்டதே.

"உங்க குரூப்ல படிக்கக் குடுங்கோ. நான் எழுதினதுன்னு மட்டும் சொல்லப்படாது. அவாளும் தேறாதுன்னுட்டா இதோட எழுதறதையே நிறுத்திடறேன்."

நிறுத்தக்கூடியவள்தான். ஸ்கூலில் படிக்கும்போது யாரோ ஏதோ சொன்னார்கள் என்று ஒரே நாளில் வயலினை நிறுத்தினாள். இன்றுவரை பெட்டியைத் திறக்கவில்லை. அந்தத் தேதி என் டைரியில் இருக்கிறது.

எங்கள் வாசகர் குழுவின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு பிரதி. ஆளுக்கு ஒரு வாரம். படித்து முடித்தவர் தன் அபிப்பிராயத்தைத் தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட வேண்டும். தேதி யாருடைய நிபந்தனை என்று சொல்லவும் வேண்டுமா? கூட்டத்தில் அவரவர் எழுதியதை அவரவரே எழுந்து வாசிக்க வேண்டும். ஒரு வார்த்தை மாற்றக் கூடாது. எழுத்தாளரை மட்டும் அழைக்கவே மாட்டோம். அவர் எதிரே இருந்தால் எல்லோரும் பொய் சொல்லுவோம் என்று எங்களுக்கே தெரியும்.

அன்று அந்த விதியை மீறி, வேடிக்கை பார்க்க வந்த தங்கை மகள் என்று சொல்லி நித்யாவை உட்கார வைத்திருந்தேன்.

முதலில் அதே தெரு லலிதா மாமி எழுந்தார்.

"பேயைப் பத்தி எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை. அந்தப் பொண்ணோட அம்மாவைப் பத்திதான். தினம் ஃப்யூஸ் போறது. கிரைண்டர்ல மாவு பாதியில நிக்கறது. ஒரு நாளாவது 'யாருடி அது'ன்னு கேக்கப்படாதோ? இப்படி ஒரு அசட்டு அம்மாவை நான் எந்தக் கதையிலயும் பாத்ததில்லை."

நித்யா வடையை இரண்டாகப் பிய்த்தாள். பிறகு நாலாக.

அடுத்தது பாறசாலையிலிருந்து பஸ் பிடித்து வரும் ஜெயராணி டீச்சர். "எனக்குப் பேயில நம்பிக்கை கெடையாது. எங்க சர்ச் சபையில இதைப் படிச்சேன்னு சொன்னா சிரிப்பாவ. ஆனா கடைசிப் பக்கத்துல நான் அழுதேன். மக பாத்துட்டு, 'அம்மைக்கு என்ன பற்றிச்சு'ன்னு கேட்டா. எனக்கு என்ன ஆச்சுன்னு கேட்டவளுக்கு அந்தப் பக்கத்தையே காட்டினேன்."

ஒன்றுக்கு ஒன்று சரியாகப் போயிற்று. அடுத்து என் முறை.

நான் எழுதியிருந்தது இதுதான்: "பதினோராம் அத்தியாயத்தில் சிவராத்திரி அன்று முழு நிலா காய்கிறது. சிவராத்திரி அமாவாசையை ஒட்டி வருவது. அன்று நிலாவைத் தேடினாலும் கிடைக்காது. ஆசிரியர் பஞ்சாங்கம் பார்த்திருக்கலாம்."

யார் எழுதியது என்று தெரிந்துமா இப்படி எழுதினாய் என்கிறீர்களா? என்ன செய்வது... தப்பான திதியில் நிலா வந்தால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

"நீங்களுமா மாமா" என்று முணுமுணுத்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

கடைசியாக, அந்த வீட்டுக்காரர் சிதம்பரம் அண்ணன். மின்வாரியத்தில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் ஒரு தாள் எழுதினால் இவர் கையில் நாலு தாள்.

"ஆத்யம், மத்ததுக்கெல்லாம் முன்னாடி, ஒரு காரியம் சொல்லிடறேன் கேட்டோ. எழுதின ஆளுக்குக் கரண்டைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஃப்யூஸைப் பிடுங்கினா அந்த ஒரு வீட்டுலதான் போகும். தெருவிளக்கு எரிஞ்சிட்டிருக்கற ரோடு வழியா இவன் எப்படி வந்தான்? இப்படிப் பதினேழு பிழை இருக்கு. வரிசையா வாசிக்கறேன்."

வாசித்தார். ஒன்பதாவது பிழையில் நித்யா தட்டைக் கீழே வைத்தாள். பதினாலாவதில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கையைப் பிடித்து உட்கார வைக்கலாமா? என்ன சொல்லி?

சிதம்பரம் அண்ணன் நாலாவது தாளைத் திருப்பினார்.

"எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன். கடைசி அத்தியாயம்தான் பொறுக்கல்ல. இன்வெர்ட்டர் வந்தா எல்லாம் தீந்துச்சாம். ஆரு சொன்னா? இன்வெர்ட்டர் லைனை எல்லா பாயின்டுக்கும் குடுக்கறதில்ல. ஹால், பெட்ரூம், அடுக்களையில ஒரு லைட். ஸ்டோர் ரூமுக்கு ஆரும் குடுக்கமாட்டாங்க. கரண்ட் போனா அங்க கும்மிருட்டுதான். அந்தப் பொண்ணு ஸ்டோர் ரூம்ல போய் நின்னாப் போதும், பையன் வந்திருப்பான். இது தெரியாம அதுங்க ரெண்டையும் பிரிச்சாச்சு. மூணு நாளா எனக்கு உறக்கம் இல்ல."

"வாஸ்தவம்தான்," என்றார் லலிதா மாமி. "எங்காத்து ஸ்டோர் ரூமுக்கும் லைன் கிடையாது. டார்ச்சை எடுத்துண்டுதான் போறேன்."

"எங்க வீட்டுலயும் அப்படித்தான்," என்றார் டீச்சர். "அப்ப அவங்க சேரலாம் இல்லியா அண்ணா?"

"சேரலாமே. ஆரு தடுத்தா?"

வாசல்வரை போயிருந்த நித்யா சிதம்பரம் அண்ணன் பக்கம் திரும்பினாள். "மாமா, அந்த ரூமுக்கு ஜன்னல் இருந்தா? தெருவிளக்கு வெளிச்சம் வருமே."

"ஜன்னல் இல்லாத ரூமா வச்சுக்கணும்."

"சரி, ரெண்டாம் பாகத்துல அப்படியே வச்சுடறேன்," என்று சொல்லிக்கொண்டே மொபைலில் குறிக்கத் தொடங்கினாள்.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"நீயாடி?" என்றார் லலிதா மாமி.

மொபைலிலிருந்து நிமிர்ந்தவளுக்கு முகம் சிவந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டினாள்.

சிதம்பரம் அண்ணன் வருத்தம் தெரிவிப்பார் என்று எதிர்பார்த்தேன். நாலு தாளையும் மடித்து அவளிடம் நீட்டினார். "பதினேழையும் திருத்திட்டு அவங்களைச் சேத்து வை. எனக்கு வயசாகுது, சீக்கிரம் எழுது."

"அப்படியே அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் புத்தியும் குடு," என்றார் மாமி.

நாலு பேரில் ஒருவர்கூட நாவல் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? ஆனால் ஐந்து நட்சத்திரம் போட்டவர் போட்டுவிட்டுப் போய்விடுவார். பதினேழு பிழை கண்டுபிடித்தவர்தான் அந்தக் கதைக்குள்ளேயே குடியிருக்கிறார்.

திரும்பி நடந்து வரும்போது நித்யா சொன்னாள்: "எட்டு அத்தியாயத்தையும் டெலீட் பண்ணப்போறேன் மாமா."

நடுத்தெருவில் நின்றுவிட்டேன்.

"அதுல அவா ரெண்டு பேரும் பாத்துக்கவே இல்லையே. முதல்லேர்ந்து எழுதினாத்தான் சரியா வரும்."

மூச்சு வந்தது. அவளைப் பஸ் ஏற்றிவிட்டு, நேரே பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்தேன்.

ஒரு பேய்க்குக் காதல் கைகூட வேண்டும் என்று அந்தப் பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.