வெளுத்துப்போன மழை

வெஸ்ட் வின்ட்சரில் அண்ணன் வீட்டுச் சமையலறையில், சிங்க்குக்கு மேலே ஜன்னலோரம் ஒரு பட அட்டை ஒட்டியிருக்கிறது. கிளையில் நனைந்தபடி ஒரு குருவி, பின்னால் மழை, ஓரத்தில் மேலிருந்து கீழாக ஜப்பானிய எழுத்தில் ஒரு கவிதை. ஒரு காலத்தில் அந்த மழை நல்ல நீலம். இப்போது அரிசி களைந்த தண்ணீரின் நிறம்.

அதை வாங்கியது அண்ணி. நான் அவளுக்கு நாத்தனார். அந்தப் பதவிக்குரிய வாய்ச்சண்டை இல்லாமல் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விடியாது. அப்படியொரு ஞாயிறு, ரயிலேறி ஒரு மியூசியத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். மரப்பலகையில் செதுக்கி, ஒவ்வொரு நிறமாகத் தாளில் ஒற்றியெடுத்த படங்கள். அண்ணி இந்தக் குருவி முன்னால் நின்றவள் நகரவில்லை. கவிதையின் பொருளை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்: மழை விடட்டும், என்ன அவசரம், இன்னும் கொஞ்சம் இரு.

“நீ கிளம்பறப்பல்லாம் நான் உன்கிட்ட சொல்றதுதான்டி. ஜப்பான்காரன் சொன்னா ஃப்ரேம் போட்டு மாட்டறாங்க” என்றாள்.

வெளிச்சம் பட்டால் அந்த நீலம் போய்விடுமாம். சில மாதம் காட்டிவிட்டு, பிறகு வருடக்கணக்கில் இருட்டில் வைத்துவிடுவார்களாம். அங்கிருந்த பெண் சொன்னதும் அண்ணிக்கு முகம் வாடிவிட்டது. “மறுபடி வெளிய எடுக்கும்போது நீயும் நானும் வரணும், ப்ராமிஸ் பண்ணு” என்றாள். கீழே கடையில் அந்தப் படத்தின் அட்டையை வாங்கி, நான் கத்தக் கத்த, வெயில் விழும் ஜன்னலிலேயே ஒட்டினாள். “இருட்டுல வச்சுக் காப்பாத்தி யாருக்கு லாபம்? பாத்திரம் தேய்க்கறப்ப நான் பாக்கணும்.”

பிறகு அவளுக்குப் புற்றுநோய் வந்தது. கீமோவுக்குப் போகும் வழியில்கூட, “குருவியை வெளிய எடுத்துட்டாங்களா, வெப்சைட்ல செக் பண்ணு” என்பாள். “இன்னும் இல்ல அண்ணி” என்பேன். ஐயோ, அதை எத்தனை முறை சொன்னேன்! போன குளிர்காலத்தில் போய்விட்டாள். இந்த வசந்தத்தில் குருவியை வெளியே எடுத்தார்கள்.

தனியாகப் போனேன். நீலம் அப்படியே இருந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. எல்லோர் முன்னாலும் அழுதேன். திரும்பும்போது ஒரு புது அட்டை வாங்கினேன்.

அண்ணன் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் இருந்தவரை ஒரு டம்ளர் கழுவியவன் இல்லை. “பழசு வெளுத்துப்போச்சுண்ணா, இதை ஒட்டிடறேன்” என்று ஜன்னலுக்குக் கையை நீட்டினேன். ஈரக் கையோடு தடுத்தான்.

“வேண்டாம்மா. அவ பாத்துப் பாத்துத்தான் அது வெளுத்திருக்கு.”

புது அட்டை என் கைப்பைக்குள்ளேயே கிடக்கிறது. அதன் நீலத்துக்கு ஒரு குறையும் வராது.