கன்னத்து நட்சத்திரம்

அவளுக்கு ரிப்பன் என்று பெயர் வைத்தது அண்ணன்தான். நல்ல பெயர் ஒன்று அடையாள அட்டையில் தூங்கிக்கொண்டிருக்க, வீடும் கடையும் தெருவும் அவளை ரிப்பன் என்றே கூப்பிட்டன. ஆல்பம் அச்சிடும் கடையில் கணினி முன்னால் உட்கார்ந்து அவள் என்னதான் செய்கிறாள் என்பதில் அண்ணனுக்கு விளங்கியது அவ்வளவுதான். படத்தின் மூலையில் ரிப்பன் கட்டுகிறாள், அதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.

வேலை என்னவோ அத்தனை லேசில்லை. படங்களைத் தாளில் ஒட்டி, சுற்றிலும் பொத்தான், லேஸ், காய்ந்த பூ என்று பசை போட்டு அலங்கரித்த காலம் போய், எல்லாவற்றையும் திரையிலேயே அடுக்கிப் புத்தகமாக அச்சிடும் காலம் வந்துவிட்டது. ஆனால் திரையில் வைக்கிற பொத்தானையும் யாரோ ஒருவர் செய்துதானே ஆக வேண்டும். மற்ற கடைக்காரர்கள் இணையத்திலிருந்து ஆயத்தப் பூக்களை இறக்கி எல்லார் ஆல்பத்திலும் அதையே தூவுவார்கள். ரிப்பன் அப்படிச் செய்ய மாட்டாள். வாடிக்கையாளர் வீட்டுப் பொருள் ஏதாவது கொண்டுவரச் சொல்வாள். அப்பாவின் சட்டைப் பொத்தானோ, அக்காவின் துப்பட்டா ஓரமோ, எது வந்தாலும் ஸ்கேனரில் வைத்து எடுத்து, பின்னணியை நூல் நூலாக வெட்டி நீக்கி, விளிம்புக்கு வெளிச்சம் கொடுத்து, கடைசியில் நிழல் போடுவாள். நிழல் விழாத பொத்தான் தாளில் உட்காராமல் மிதக்கும். வெளிச்சம் எப்போதும் இடப்பக்கம் மேலிருந்துதான் வர வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம், அதை மீறினால் முதலாளியையே முறைப்பாள். இந்த விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், கையில் வேலை இருக்கிறவள்தானே.

ஒருநாள் மதியம் அண்ணன் கடைக்கு வந்தான். லிப்ட் பழுது பார்க்கிறவன், கை முழுக்க கிரீஸ். மகளுக்கு முதல் பிறந்தநாள் வருகிறது, ஒரு ஆல்பம் வேண்டும் என்றான். அதற்கு ஏன் முகத்தை இப்படித் தொங்கப் போட்டுக்கொண்டு வரவேண்டும் என்று ரிப்பன் கேட்டாள். அவன் கைப்பேசியை நீட்டினான்.

குழந்தை நாள் நிறையும் முன்னே பிறந்தவள். முதல் இரண்டு மாதம் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் கிடந்தாள். அந்த மாதங்களில் அண்ணன் எடுத்த படங்களில் கையளவு உடம்பும், மூக்கில் ஒரு குழாயும், அதைக் கன்னத்தோடு பிடித்துவைக்க ஒரு பிளாஸ்திரியும்தான் தெரியும். அண்ணி அவற்றை இன்றுவரை பார்த்ததில்லை. அண்ணி பேருந்து நடத்துநர். நெரிசல் பேருந்தில் கடைசிப் படிவரை போய்ச் சேரும் குரல் அவளுக்கு. அப்படிப்பட்டவள் அந்தப் படங்களின் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். பத்து மாதமாக இதே கதை. படங்களை விட்டுவிட்டு ஆல்பம் போட்டால் குழந்தை மூன்றாம் மாதத்தில் பிறந்தமாதிரி ஆகிவிடும். அப்படியே போட்டால் அண்ணி அந்த ஆல்பத்தைத் தொடவே மாட்டாள். அண்ணனுக்கு இரண்டுமே பொறுக்கவில்லை.

கடைசியில் அண்ணியே தொலைபேசியில் வழி சொன்னாள். குழாய் தெரியாதபடி பூ, பட்டாம்பூச்சி என்று எதையாவது வைத்து மூடிவிடு என்றாள். பூசி மெழுகுவது ரிப்பனுக்குப் பிடித்த வேலை இல்லைதான். ஆனாலும் அண்ணி கேட்டு இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவளைக் கணினி வகுப்பில் சேர்த்துவிட்டு, வீட்டில் முணுமுணுத்தவர்கள் வாயை அடைத்தவள் அண்ணிதான்.

குழந்தையின் பழைய சட்டைத் துணியிலிருந்தே ஒரு பட்டாம்பூச்சி செய்தாள். மூக்குக் குழாயைக் குளோன் பிரஷ்ஷால் தோலின் நிறம் தொட்டுத் தொட்டு அழித்தாள். பிளாஸ்திரி இருந்த இடத்தில் பட்டாம்பூச்சி உட்கார்ந்தது. படம் அவளுக்கே அழகாகத்தான் பட்டது. சனிக்கிழமை அண்ணியைக் கடைக்கு வரச் சொல்லித் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

அண்ணி பையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு திரையில் விரல் வைத்தாள். கன்னத்தின் குறுக்கே மெல்லிசாக ஒரு சாம்பல் கோடு போய்க்கொண்டிருந்தது.

ரிப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழாயை அழித்தவள் குழாயின் நிழலை அழிக்க மறந்துவிட்டாள். தான் போட்ட நிழலை எல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவளுக்கு, படத்தில் ஏற்கெனவே விழுந்திருந்த நிழல் தெரியவில்லை. போதாக்குறைக்கு அந்த வார்டில் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வந்திருக்கிறது, பட்டாம்பூச்சியின் நிழலோ வேறு பக்கம் விழுகிறது. ஊருக்கெல்லாம் சட்டம் பேசியவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இப்பவே எடுத்துடறேன் அண்ணி, ரெண்டு நிமிஷ வேலை," என்றாள்.

"எடுக்காத," என்றாள் அண்ணி. "மூடாத படத்தைக் காட்டு."

ரிப்பன் தயங்கித் தயங்கி, படத்தின் மேல் அடுக்கியிருந்த லேயர்களை ஒவ்வொன்றாக அணைத்தாள். பட்டாம்பூச்சி போனது, பூசிய தோல் போனது, குழாயோடு குழந்தை வந்தாள். அண்ணி எழுந்து போகவில்லை. கண்ணில் நீர் வழிய வழியப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிளாஸ்திரி பக்கத்தில் திரையைத் தட்டி, அது என்ன தெரியுமா என்று கேட்டாள். பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் ரிப்பனுக்குத் தெரிந்தது, பிளாஸ்திரி நட்சத்திரமாக வெட்டப்பட்டிருந்தது. வார்டு நர்ஸ் கத்தரிக்கோலால் அவசரத்தில் வெட்டி ஒட்டுவாராம், பிள்ளைக்கு நகை போட்டாச்சு என்பாராம்.

"இதெல்லாம் அப்படியே இருக்கட்டும்," என்றாள் அண்ணி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ரிப்பன் கடையைத் திறக்கச் சொல்லி உட்கார்ந்தாள். மென்பொருளில் நட்சத்திரம் போட ஒரு சொடுக்கு போதும், ஐந்து முனையும் அளந்து வைத்தமாதிரி வந்துவிடும். அவளுக்கோ ஆல்பத்தின் பக்கத்தை அலங்கரிக்க நர்ஸ் வெட்டிய அதே கோணல் நட்சத்திரம் வேண்டும். ஒரு முனை நீண்டு, ஒரு முனை மழுங்கி, ஓரத்தில் பிசிறு தொங்குவது. பேனாக் கருவியால் புள்ளி புள்ளியாக அதன் விளிம்பைத் தொடர்ந்து, பிளாஸ்திரியின் நெசவை மேலே பரப்பி, ஒட்டி உரித்ததில் தூக்கிக்கொண்ட மூலைக்குத் தனியாக நிழல் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் குழந்தைக்குக் கட்டியிருந்த கைப்பட்டையை அண்ணி பத்திரமாக வைத்திருந்தாள், அது இப்போது குழந்தையின் கட்டைவிரலில்தான் நுழையும். அதை ஸ்கேன் செய்து பக்கத்தின் நாடாவாக ஆக்கினாள். அப்போது குழந்தை போட்டிருந்த கம்பளிக் குல்லாவின் பின்னலை எடுத்துப் படத்துக்குச் சட்டம் கட்டினாள். இந்த முறை எல்லா நிழலும் படத்தின் வெளிச்சத்துக்குக் கட்டுப்பட்டு இடப்பக்கம் விழுந்தன. சட்டத்தை மாற்றிக்கொண்டதில் அவளுக்குக் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. சாயங்காலம் முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். எதையும் சட்டென்று பாராட்டாத மனிதர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ரிப்பனுக்குத் தலைகால் புரியவில்லை.

பிறந்தநாள் அன்று ஆல்பம் கூடத்து மேசையில் இருந்தது. அண்ணி அதை யார் கண்ணிலும் படாமல் உள்ளே எடுத்துப் போய்விடுவாளோ என்று ரிப்பன் அவளையே கவனித்துக்கொண்டிருந்தாள். அண்ணனோ ஆல்பத்துக்குக் காவலாளிபோல மேசையை விட்டு நகரவில்லை. வந்தவர்கள் பக்கம் பக்கமாகப் புரட்டி, அந்தப் பக்கம் வந்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அண்ணியின் பெரியம்மா மட்டும், மனதில் பட்டதை மென்று விழுங்கத் தெரியாதவர், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"நல்ல நாளும் அதுவுமா இதை எதுக்கும்மா வெச்சிருக்க? மூக்குல குழாயும் அதுவுமா, பார்க்கவே பாவமா இருக்கு."

அண்ணன் ஆல்பத்தை மூடக் கை நீட்டினான். அண்ணி குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்து அவன் கையை விலக்கினாள். பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து பக்கத்தை நன்றாக விரித்து வைத்தாள். இதைச் செய்தது என் நாத்தனார் என்று எல்லாருக்கும் கேட்கும்படி முதலில் சொன்னாள். ரிப்பன் என்று சொல்லவில்லை, அடையாள அட்டையில் இருக்கும் முழுப்பெயரைச் சொன்னாள். பிறகு படத்தில் கன்னத்திலிருந்த கோணல் நட்சத்திரத்திலிருந்து குழாயின் வழியே, படத்தின் மேல் விளிம்புவரை விரலை மெல்ல ஓட்டினாள்.

"இந்தக் குழாயோட மேல் முனையை நான் பிடிச்சிட்டு நின்னேன், பெரியம்மா. என் பால் சொட்டு சொட்டா இது வழியாத்தான் உள்ள போச்சு. பாவமெல்லாம் இல்ல. அவ சாப்பிடறா."