சாவிக்காரரின் வலதுபக்க இருக்கை

ஊரில் எந்தப் பூட்டையும் இரண்டே நிமிஷத்தில் திறந்துவிடுகிற மனிதருக்குத் தன் வீட்டுக் கதவைப் பூட்ட மட்டும் வராது. சாவிக்காரர் என்றால் கடைவீதியில் தெரியாதவர் கிடையாது. சாவியை உள்ளேயே வைத்துக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வாசலில் முழிக்கிறவர்களுக்கெல்லாம் அவர்தான் தெய்வம். அந்தத் தெய்வம் ஒருநாள் தன் வீட்டை ஆவென்று திறந்துபோட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டது. சாயங்காலம் மனைவி வேலை முடிந்து வந்து பார்த்தால், பக்கத்து வீட்டு நாய் சோபாவில் தலையணையில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் களவு போகலையே, அதுக்குச் சந்தோஷப்படு," என்றார் சாவிக்காரர்.

"எப்படிப் போகும்? அதான் நாய் காவல் இருந்துச்சே. உங்களை விட அதுக்குப் பொறுப்பு ஜாஸ்தி," என்றார் மனைவி.

மனைவிக்கு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. அங்கே எல்லாரும் அவரை மருந்தம்மா என்பார்கள். டாக்டர் சீட்டை ஒரு தடவை, மருந்து அட்டையை ஒரு தடவை, வாங்க வந்தவர் முகத்தை ஒரு தடவை பார்த்த பிறகுதான் மாத்திரை அவர் கையை விட்டுப் போகும். வீட்டிலோ கணவர் அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போவார். பால் பொங்கி வந்து தானே அடுப்பை அணைத்துவிட்டுப் போகும். இந்த இருவருக்கும் பொருத்தம் பார்த்துக் கல்யாணம் முடித்துவைத்தவர்கள் இப்போது உயிரோடு இல்லை. தப்பித்தார்கள்.

சாவிக்காரருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு, அது விமானம். கல்யாண மண்டபம் மாதிரி முந்நூறு பேரை ஏற்றிக்கொண்டு போகிற பெரிய விமானம் இல்லை. ஊருக்கு வெளியே பறக்கும் கிளப்பில் நிற்கிற, நாலு இருக்கை வைத்த, நாற்பது வயதான சின்ன விமானம். நாலு பேர் கூட்டாக வாங்கியது. அவரோடு ஒரு பல் டாக்டர், ஒரு கோழிப்பண்ணைக்காரர், பெரிய விமானங்களை முப்பது வருஷம் ஓட்டி ரிட்டயரான ஒரு கேப்டன். சாவிக்காரர் நாற்பது வயதுக்கு மேல் படித்துப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர். அந்த லைசென்ஸை மட்டும் அவர் இதுவரை எங்கேயும் மறந்து வைத்ததில்லை.

பதினோரு வருஷமாக அவருக்கு ஒரே ஆசை. வலதுபக்க இருக்கையில் மனைவியை ஏற்றிக்கொண்டு ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும்.

"நாலில ஒரு பங்கு உங்களுதுன்னா, எந்தப் பங்கு? சக்கரமா, வாலா? அதைச் சொல்லுங்க, அதுல மட்டும் உட்கார்ந்துக்கறேன்," என்பார் மருந்தம்மா.

"மேலேர்ந்து பார்த்தா நம்ம வீடு தீப்பெட்டி மாதிரி தெரியும், தெரியுமா?"

"மூடின தீப்பெட்டியா, திறந்த தீப்பெட்டியா?"

கெஞ்சிப் பார்த்தார், கொஞ்சிப் பார்த்தார், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தார். மருந்தம்மா மசியவில்லை. "கீழே எதையாவது மறந்தா திரும்பி வந்து எடுக்கலாம். நாலாயிரம் அடியில மறந்தா எங்க ஓரமா நிறுத்துவீங்க?" என்று ஒருநாள் கேட்டுவிட்டார். அதோடு சாவிக்காரர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். ஆனாலும் பறக்கப் போகிற ஒவ்வொரு ஞாயிறும் மருந்தம்மா சாப்பாட்டுப் பையைக் கட்டிக் கையில் கொடுத்துவிடுவார். அவர் அதை வலதுபக்க இருக்கையில் வைத்து, பெல்ட்டும் போட்டுவிடுவார். பதினோரு வருஷமாக அந்த இருக்கையில் பறந்தது அந்தப் பைதான்.

இப்படி இருக்கும்போதுதான் படம் எடுக்கிறவர்கள் வந்தார்கள். சின்ன விமானங்களையும் அவற்றை ஓட்டுகிறவர்களையும் பற்றி ஒரு ஆவணப்படம். டைரக்டர் ஒரு இளம்பெண்; ஒரு கேமராக்காரரைக் கூட்டிக்கொண்டு பத்து நாள் கிளப்பிலேயே கிடந்தார். ஒரு வருஷம் கழித்துப் படம் தயாராகிவிட்டது, முதலில் உங்களுக்குத்தான் காட்டப்போகிறேன், குடும்பத்தோடு வாருங்கள் என்று போன் செய்தார்.

சாவிக்காரர் மனதில் கோட்டை கட்டிவிட்டார். நேரில் வரமாட்டேன் என்பவள் படத்திலாவது பார்க்கட்டும். மேகத்தைப் பார்ப்பாள், சூரியனைப் பார்ப்பாள், மனசு இளகும். ஒரே ஒரு காட்சியை நினைத்தால்தான் பயம். படப்பிடிப்பு நடந்தபோதே டைரக்டரிடம் தனியாகப் போய், "அதை மட்டும் வெட்டிடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்," என்று கெஞ்சியிருந்தார். "பார்க்கிறேன் சார்," என்றிருந்தார் டைரக்டர். பார்க்கிறேன் என்று சொல்கிறவர்கள் பார்க்க மட்டும்தான் செய்வார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் போயிற்று.

ஞாயிறு பகல் பதினோரு மணிக்கு கிளப் அறையில் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு உட்கார்ந்தார்கள். டி.வி. பல் டாக்டரின் கிளினிக்கிலிருந்து வந்தது. போட்டவுடன் ஈறு வீக்கம் பற்றி ஐந்து நிமிஷம் ஓடியது. அதை நிறுத்த டாக்டருக்கே தெரியவில்லை.

பிறகு படத்தின் பெயர் வந்தது: 'ஞாயிற்றுக்கிழமை விமானிகள்'.

"நான் புதன்கிழமையும்தான் பறக்கறேன்," என்றார் கேப்டன். படம் தொடங்கிப் பத்து நொடி ஆகவில்லை.

விமானம் கிளம்பியது. "அது நம்ம எஞ்சின் சத்தமே இல்ல. ஏதோ லாரி சத்தத்தைப் போட்டிருக்காங்க," என்றார் பல் டாக்டர். மேகம் வந்தது. "இது மழைக்கால மேகம். இவங்க வந்தது வெயில் காலத்துல," என்றார் கேப்டன். பின்வரிசையில் இருந்த கோழிப்பண்ணைக்காரர் மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். திரையில் அவர் முகம் ஆறு நிமிஷம் வந்துவிட்டது. சொந்த முகத்தைப் பார்த்து அவ்வளவு நேரம் அழுத மனிதரை அந்த அறை அதற்குமுன் கண்டதில்லை.

அடுத்து பல் டாக்டர் தரையிறங்கினார். விமானம் ஓடுபாதையைத் தொட்டது, எழும்பியது, மறுபடி தொட்டது, மறுபடி எழும்பியது, மூன்றாம் தடவைதான் உட்கார மனசு வந்தது. ஒவ்வொரு குதிப்புக்கும் ஒரு மேளச் சத்தம் வேறு சேர்த்திருந்தார்கள். "காத்து! அன்னிக்குப் பயங்கரக் காத்து!" என்று இருட்டில் டாக்டர் அலறினார். திரையில் கொடிக்கம்பத்துக் கொடி துவைத்துப்போட்ட துணி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு கிளப்பில் விமானம் ஓட்டப் பயிற்சி கொடுக்கிற மேடம் திரையில் வந்து கேமராவைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "இதுல ஒரு சின்னத் தப்பு பண்ணினாலும் உயிர் போயிடும்." அவ்வளவுதான், காட்சி மாறிவிட்டது.

"ரெண்டு மணி நேரம் பேசினேன்! தப்பு நடக்காம எப்படிப் பார்த்துக்கறதுன்னு ரெண்டு மணி நேரம்! அதெல்லாம் எங்கம்மா?" என்று எழுந்தே விட்டார் மேடம்.

சாவிக்காரர் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. மருந்தம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, காலாவதி தேதி பார்க்கிற முகத்தோடு திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பது பார்க்காமலே தெரிந்தது.

கடைசியில் வந்தே விட்டது அந்தக் காட்சி.

பறப்பதற்கு முன் விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். திரையில் சாவிக்காரர், சோதிக்க வேண்டியதையெல்லாம் வரிசையாக எழுதிய ஒரு அட்டையோடு விமானத்தின் மூக்கிலிருந்து ஆரம்பித்தார். ப்ரொப்பெல்லரின் ஓரத்தை விரலால் தடவினார். எண்ணெய் அளவு பார்த்தார். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வலது இறக்கையைத் தாண்டி வால்வரை போனார். அப்போது டைரக்டரின் குரல்: "சார், இதுக்கு எத்தனை வயசு?" "நாற்பது," என்றார். சொல்லிவிட்டு அப்படியே திரும்பி மூக்குக்குப் போய் முதலிலிருந்து ஆரம்பித்தார். இரண்டாம் தடவை பாதியில் கேமராக்காரர், "கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க சார்," என்றார். வந்தார், மறுபடி மூக்குக்குப் போனார். மூன்றாம் தடவை முக்கால்வாசி முடிந்தபோது கோழிப்பண்ணைக்காரர் அந்தப் பக்கம் வந்து, "என்ன அண்ணே, இன்னும் கிளம்பலையா?" என்றார். சாவிக்காரர் அவரை ஒரு முறை முறைத்துவிட்டு மறுபடியும் மூக்குக்கே நடந்தார். பின்னணியில் குடுகுடுவென்று கோமாளி இசை. திரையின் மூலையில் 1, 2, 3, 4 என்று எண் வேறு.

அறை குலுங்கியது. கேப்டனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. சாவிக்காரரும் அசடு வழியச் சிரித்தார். மருந்தம்மா மட்டும் சிரிக்கவில்லை. முடிந்தது கதை என்று சாவிக்காரர் நினைத்துக்கொண்டார். வால் எது, மூக்கு எது என்று மறந்துவிட்டுச் சுற்றிச் சுற்றி வருகிற மனிதரோடு யார் ஏறுவார்கள்? பதினோரு வருஷ ஆசை ஒரு கோமாளி இசையில் அடிபட்டுப் போயிற்று.

ஜன்னல் திரைகளைத் திறந்ததும் சண்டை தொடங்கியது.

"மோசம்னு சொல்லமாட்டேன். ஆனா நல்ல படம்னும் சொல்லமாட்டேன்," என்றார் கேப்டன். "என் முப்பது வருஷ சர்வீஸ்ல இவங்க எடுத்தது நான் நாற்காலியில கொட்டாவி விட்டதை மட்டும்."

"காவியம்ங்க! என் மாமியார் வீட்டுல எல்லாருக்கும் போட்டுக் காட்டப்போறேன்," என்றார் கோழிப்பண்ணைக்காரர்.

"என் பேஷண்ட்டுங்க இதைப் பார்த்தா வாயைத் திறப்பாங்களா?" என்றார் பல் டாக்டர். "அதோட இவர் சுத்திச் சுத்தி வர்றாரே, அதை முதல்ல எடுத்துடுங்க. நாமெல்லாம் ஞாபகமறதிக்காரங்கன்னு ஜனங்க நினைச்சுக்குவாங்க."

டைரக்டர் பெண் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் மருந்தம்மாவின் குரல் கேட்டது.

"அந்த இடத்தை இன்னொரு தடவை போடும்மா. அந்த இசை இல்லாம."

சாவிக்காரருக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல் இருந்தது. டைரக்டர் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போட்டார். இசை இல்லாமல் பார்த்தால் அதில் சிரிக்க எதுவும் இல்லை. ஒரு மனிதர் ஒவ்வொரு திருகாணியாகத் தொட்டுப் பார்க்கிறார். இறக்கைக்கு அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கிறார். மருந்தம்மா தினமும் மருந்துப் புட்டியைப் பார்க்கிற அதே மாதிரி. கடைசியில் வலதுபக்க இருக்கையில் ஒரு பையை வைத்துப் பெல்ட்டை மாட்டி, இறுகியிருக்கிறதா என்று இழுத்தும் பார்க்கிறார்.

"ஏன் ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்து ஆரம்பிச்சீங்க?" என்று அத்தனை பேர் நடுவில் கணவரைக் கேட்டார் மருந்தம்மா.

"நடுவுல யாராவது பேசினா, எதுவரைக்கும் பார்த்தோம்னு நமக்கு ஞாபகம் இருக்கிற மாதிரியே தோணும். அதை நம்பக்கூடாது. அதான் விதி." சாவிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மாத்திரை எண்ணறப்ப எங்களுக்கும் அதான் விதி," என்றார் மருந்தம்மா மெதுவாக. அடுத்த நொடி குரல் ஏறியது. "இவ்வளவு தெரிஞ்ச மனுஷனுக்கு வீட்டைப் பூட்டத் தெரியாதா? இருபத்தாறு வருஷமா என்னை ஏமாத்தியிருக்கீங்க!"

"வீட்டுக்கு அட்டை கிடையாதேம்மா," என்றார் அவர் பரிதாபமாக.

மேடம் கைதட்டினார். "படத்துலயே உண்மையான காட்சி அது ஒண்ணுதான். அந்தக் கோமாளி இசையை மட்டும் எடுத்துடு," என்று டைரக்டரைப் பார்த்துச் சொன்னார். பல் டாக்டர் சட்டென்று கட்சி மாறினார். "நானும் அப்படித்தான், நடுவுல யாராவது பேசினா முதல்லேர்ந்துதான்."

"தெரியுமே, இறங்கறப்பகூட மூணு தடவை முதல்லேர்ந்து இறங்கினீங்களே," என்றார் கேப்டன்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மருந்தம்மா சொன்னார்: "அடுத்த ஞாயிறும் எனக்கு லீவுதான்." அன்று சாவிக்காரர் கதவைச் சாத்தி, பூட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு காலை காற்று இல்லை, மேகம் இல்லை. மருந்தம்மா சாப்பாட்டுப் பையோடு வந்து இறக்கை ஓரமாக நின்றார். சாவிக்காரர் அட்டையை எடுத்துக்கொண்டு மூக்கிலிருந்து ஆரம்பித்தார். ப்ரொப்பெல்லர், எண்ணெய், வலது இறக்கை, வால், இடது இறக்கை என்று எல்லாம் முடிந்தது. இடதுபக்கச் சக்கரம் ஒன்றுதான் பாக்கி. அதன்மேல் கையை வைத்துக் குனிந்தார்.

"என்னங்க, வீட்டைப் பூட்டினீங்களா?"

"பூட்டினேன்னு நினைக்கிறேன்," என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார் சாவிக்காரர். சொன்ன பிறகுதான் உறைத்தது. நிமிர்ந்தார். சக்கரத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பதினோரு வருஷத்துக்கும் வானத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சக்கரம். அதைப் பார்த்துவிட்டு ஏறினால் யாருக்குத் தெரியப்போகிறது? இத்தனை வருஷம் கழித்து வந்தவளுக்கு மனசு மாறிவிட்டால் என்ன செய்வது? பிறகு அட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு மூக்குக்கு நடந்து போய் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

வீட்டை மருந்தம்மாவேதான் பூட்டியிருந்தார். இழுத்தும் பார்த்திருந்தார். சாவி அவர் கைப்பையில்தான் இருந்தது. அவர் வேறெதுவும் கேட்கவில்லை. கதவைத் திறந்து, சாப்பாட்டுப் பையைப் பின் இருக்கையில் வைத்துப் பெல்ட் போட்டுவிட்டு, முன்னால் ஏறி உட்கார்ந்தார்.