மலையாட்டுக்குத் துணை

ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் மலாயாவில் கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார். பங்களாவுக்குப் பின்னால் அவர் வைத்திருந்த சின்ன மிருகக்காட்சிச் சாலையில் மிஞ்சியது ஒரு கருத்த மலையாடு மட்டும்தான். அதற்குத் தழை ஒடித்துப் போட்டுவந்த பூவாயி, துரை போன பிறகும் அதைக் கைவிடவில்லை.

மறுவருஷம் அவள் புருஷன் அங்கமுத்துவைச் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகுதான் ஆட்டின் கண்ணுக்குக் கீழே ஈரம் வடிவதை அவள் கவனித்தாள்.

“ஒத்தையில கெடந்து அழுவுது,” என்று தன் வெள்ளாட்டைக் கூண்டுக்குள் விட்டாள். மலையாடு ஒரே முட்டில் அதன் விலாவைக் கிழித்தது.

“நன்றி கெட்ட சனியனே!” என்று கத்திக்கொண்டே வெள்ளாட்டை வெளியே இழுத்தாள்.

மலைக்காட்டில் மரம் வெட்டிப் பழகியவர், இப்போது தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் சன்னாசி. அவர் சிரித்தார். “அது அழுவல, பூவாயி. கண்ணுகிட்ட ஊறுற பிசினு அது. தூணுல தேச்சு, இது என் எடம்னு சொல்லும். மலையிலயும் தனியாத்தான் திரியும்.”

மலையாடு கூண்டுக்குள் இருந்த கற்குவியலின் உச்சியில் ஏறி நின்று நிம்மதியாக அசைபோட்டது. பூவாயி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குடுத்து வச்ச பிறவிடா நீ,” என்றாள்.

காயம் ஆறிய பிறகும் அவள் வெள்ளாட்டைப் பட்டியில் விடவில்லை. தன் பாய்க்குப் பக்கத்திலேயே கட்டிக்கொண்டாள்.