காணும் பொங்கலுக்கு அம்மா கூப்பிட்ட இடம்

பொங்கலுக்கு முந்தின வாரம் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்னிடம் கேட்கவில்லை, என் வீட்டுக்காரரிடம்தான் கேட்டாள்.

"காணும் பொங்கலுக்கு மெட்ராஸ் பக்கம் அந்தப் பார்க்குக்குப் போலாமா மாப்ள? தண்ணி, ராட்டினம் எல்லாம் இருக்குதாமே. பொங்கலுக்கு விசேஷமா இன்னாமோ செய்றாங்களாம்."

அவர் யோசிக்கவே இல்லை. "போலாம் அத்தை" என்றார்.

எனக்கு அப்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது. ஊரில் பொருட்காட்சி போட்டால்கூட எட்டிப் பார்க்காதவள் அம்மா. கூட்டம் என்றாலே தலைவலி என்பாள். அப்பா மாரடைப்பில் போன பிறகு, ஆரணியில் எங்கள் தெருவிலேயே உட்கார்ந்து பிளவுஸ் தைத்து, பட்டுப்புடவைகளுக்கு ஃபால்ஸ் அடித்து என்னைப் படிக்க வைத்தாள், கல்யாணமும் செய்து கொடுத்தாள். அதற்கப்புறம் தனியாகவே இருந்தாள். வயது நாற்பத்தாறு. பக்கத்துத் தெருவுக்கு நான் கூப்பிட்டாலும் "தையல் கெடக்குது" என்பவள், ராட்டினத்தைப் பற்றி எங்கே கேள்விப்பட்டாள்?

இன்னொரு விஷயமும் மனசை அரித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நாளாக அவள் வேலூர் பஸ்ஸில் ஏறுவதைத் தெருக்காரர்கள் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். கேட்டதற்கு, "கண்ணமங்கலத்துல எறங்கி நூல் வாங்கினு வரேன்" என்றாள். ஆரணியில் கிடைக்காத நூலா? திரும்பின பக்கமெல்லாம் நூல் கடை இருக்கிற ஊர் இது. பஸ் கண்ணமங்கலம் தாண்டினால் வேலூர், வேலூரில் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள். அம்மாவுக்கு ஏதோ வியாதி வந்திருக்கிறது, மறைக்கிறாள், போவதற்குள் ஒரு தடவை எங்களோடு ஊர் சுற்ற ஆசைப்படுகிறாள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ரெண்டு ராத்திரி தூக்கமில்லை.

காணும் பொங்கல் காலையில் காரில் கிளம்பினோம். அவர் ஓட்டினார். அம்மா பின்னால் உட்கார்ந்து போனைப் பார்ப்பதும், அதைக் கவிழ்த்து மடியில் வைப்பதுமாக வந்தாள். காஞ்சிபுரம் தாண்டுவதற்குள் நாலைந்து முறை அப்படிச் செய்தாள். கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டு வந்தேன். இளைத்த மாதிரி தெரியவில்லை. முகம் தெளிவாக இருந்தது. வாடாமல்லி நிறத்தில் ஒரு புதுச் சுங்குடிப் புடவை. தண்ணீரில் நனையப் போகிறவள் எதற்குப் புதுப்புடவை கட்டினாள்?

பார்க் வாசலில் கரும்புக் கட்டுகளை வளைவாகக் கட்டியிருந்தார்கள். உள்ளே தெர்மோகோலில் செய்த பெரிய பொங்கல் பானை, அதன் முன்னால் போட்டோ எடுக்க ஜனம் மொய்த்துக் கிடந்தது. பறையடி ஒரு பக்கம், ஸ்பீக்கரில் அறிவிப்பு ஒரு பக்கம். கையில் காகிதப் பட்டையைக் கட்டிக்கொண்டு பையைச் சோதிக்கிற இடத்துக்கு வந்தோம். காவலாளி அம்மாவின் பையைத் திறந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்தார்.

"வெளிச் சாப்பாடு உள்ள விடமாட்டோம்மா."

"சுகர் இருக்கறவங்கப்பா. நேரத்துக்கு சாப்பிடலைன்னா மயக்கம் வந்துடும்" என்றாள் அம்மா, குரலைத் தாழ்த்தி.

காவலாளி மூடியைத் திறந்து பார்த்தார். ராகி அடையும் வேர்க்கடலைத் துவையலும். விட்டுவிட்டார்.

நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். "உனக்கு சுகர் இருக்குதா? எப்பத்திலிருந்து?"

"எனக்கு இன்னா சுகர்? சும்மா சொன்னேன். நட ஜல்தி."

சும்மா சொல்லிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுவருகிற ஆள் இல்லை அம்மா. பஸ்ஸில் கண்டக்டர் கேட்க மறந்தாலும் கூப்பிட்டு டிக்கெட் வாங்குகிறவள். அப்படியானால் சுகர் யாருக்கு? என் வீட்டுக்காரருக்கா? அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வானத்தில் சுற்றுகிற ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் அந்த ஆளைக் கவனித்தேன். அலைக்குளத்துக்குப் போகிற வழியில் நின்றிருந்தார். எல்லாரும் நனைந்த டீ சர்ட்டோடு திரிகிற இடத்தில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பக்கத்தில் கல்லூரிப் பெண் மாதிரி ஒருத்தி, கையைக் கட்டிக்கொண்டு என்னையே முறைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஐஸ்கிரீம் கடையில் அதே சட்டை, அதே முறைப்பு. பிறகு படகு வரிசையில், எங்களுக்குப் பின்னால்.

"நம்மள யாரோ தொடர்ந்து வராங்க" என்று என் வீட்டுக்காரர் காதில் சொன்னேன்.

"இவ்ளோ கூட்டத்துல எல்லாரும் எல்லா எடத்துலயும்தான் இருப்பாங்க. உனக்கு சர்பத் வேணுமா?"

கேட்காத சர்பத்தை வாங்க அவர் வேகமாகப் போனார். அந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். நெரிசலுக்குள் தேடினேன். பொங்கல் பானைக்குப் பின்னால், கரும்புக் கட்டுகளின் நிழலில் நின்று அந்த வெள்ளைச் சட்டைக்காரரிடம் டிபன் பாக்ஸை நீட்டிக்கொண்டிருந்தாள். அவர் ரெண்டு கையாலும் வாங்கினார்.

நான் கிட்டே போனேன். அம்மா பதறவில்லை. வந்துவிட்டாயா என்பதுபோல் பார்த்தாள்.

"இவருதான் கண்ணமங்கலத்துல நூல் கடை வெச்சிகினு இருக்காரு. பட்டன், ஜிப் எல்லாம் இவரு கடையிலதான் வாங்குவேன். அவுங்க வீட்டம்மா தவறி அஞ்சாறு வருஷமாச்சு" என்றாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "கட்டிக்கலாமான்னு என்னைக் கேட்டாரு. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. உன் எதிர்ல, பகல்ல, நாலு பேரு மத்தியில உக்காந்து பேசணும்னுதான் இங்க வரச்சொன்னேன்."

வியாதி இல்லை என்று முதலில் ஒரு நிம்மதி வந்தது உண்மை. அது ஒரு நொடிகூட நிற்கவில்லை. உடம்பெல்லாம் கொதித்தது. சர்பத்தோடு வந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். முகத்திலேயே எழுதியிருந்தது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"உங்கிட்ட சொன்னா வந்திருக்க மாட்ட" என்றார், சர்பத்தைப் பார்த்துக்கொண்டே.

யாரிடமும் பேசாமல் ராட்சத ராட்டினத்தின் வரிசையில் போய் நின்றேன். ஏறும் ஆசை இல்லை, நிற்க ஒரு இடம் வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த முறைப்புக்காரப் பெண் வந்து பக்கத்தில் நின்றாள். நூல் கடைக்காரருடைய ஒரே மகள்.

"அக்கா, நேரா கேக்கறேன். உங்க அம்மாவுக்குக் கடன் ஏதாவது இருக்குதா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "எங்க அம்மா யாருகிட்டயும் கைநீட்டினது கிடையாது. உங்க அப்பா குடிப்பாரா?"

"மாட்டாரு. சுகர் இருக்குது, குறட்டை விடுவாரு. கோவம் வந்தா பேசமாட்டாரு, அவ்ளோதான். உங்க அம்மாவுக்கு எங்க கடை மேல கண்ணா?"

"உங்க அப்பாவுக்கு எங்க வீட்டு மேல கண்ணா?"

ரெண்டு பேரும் முறைத்துக்கொண்டு நின்றோம். வரிசை நகர்ந்தது. முன்னால் ஒரு குழந்தை கரும்பைக் கடித்து என் கால்மேல் துப்பியது. அந்தப் பெண் சட்டென்று தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் காலில் ஊற்றினாள். பிறகு, "எனக்கும் ஒரு வாரமாத் தூக்கம் இல்லக்கா. திடீர்னு புதுச்சட்டை தைக்கறாரு. நான் வேற இன்னாமோன்னு பயந்துட்டேன்" என்றாள்.

நானும் பயந்ததைச் சொல்லவில்லை.

ராட்டினத்தின் கூண்டில் நாலு பேர் ஏறலாம். அம்மாவும் நூல் கடைக்காரரும் பின்னாலேயே வந்து நின்றிருந்தார்கள். ஆளை ஏற்றுகிறவன் யார் எவர் என்று கேட்காமல் எங்கள் நாலு பேரையும் ஒரே கூண்டில் தள்ளிக் கதவைச் சாத்தினான். என் வீட்டுக்காரர் கீழே பைகளோடு நின்று கையாட்டினார். நான் ஆட்டவில்லை.

மேலே போகப் போக சத்தம் குறைந்தது. நான் நூல் கடைக்காரரைப் பார்த்துக் கேட்டேன். "இந்த வயசுல எதுக்குங்க உங்களுக்கு கல்யாணம்? சமைச்சுப் போட ஆள் வேணுமா?"

"சமையல் நானே செய்வேம்மா" என்றார். கம்பியை விடாமல் இறுகப் பிடித்திருந்தார். உயரம் ஆகாது போல. "உங்க அம்மா கடைக்கு வந்தா, நூலைப் பிரிச்சு வெளிச்சத்துல பார்த்து, சாயம் போவுமா போவாதான்னு சண்டை போடுவாங்க. போனப்புறம் கடை வெறிச்சுன்னு இருக்கும். அதான்."

அது பதிலா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் திரும்பினேன். "உனக்கு இது வேணுமா?"

அம்மா வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "மொதல் தடவை என்னை யாரும் கேக்கல. தேதி குறிச்சிட்டு வந்து சொன்னாங்க. உங்க அப்பா நல்லவருதான், நான் ஒண்ணும் சொல்ல வரல. ஆனா கேக்கல. இவரு கேட்டாரு. ரெண்டு மாசமா பதில் சொல்லாம இருக்கேன், இன்னும் பொறுமையாத்தான் இருக்காரு."

கூண்டு உச்சியில் நின்றது. அவருடைய மகள், "அப்பா, கீழ பாக்காத" என்றாள்.

இறங்கி வெளியே வந்தால், எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருக்கிற பாட்டி, தன் மருமகளோடு நிற்கிறார். ஆரணிக்காரர்கள் கண்ணில் படாமல் இருக்கத்தான் அம்மா இவ்வளவு தூரம் யோசித்திருந்தாள். காணும் பொங்கலுக்கு ஆரணியே அங்கே வந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

பாட்டி அம்மாவைப் பார்த்தார், வெள்ளைச் சட்டையைப் பார்த்தார், புதுப்புடவையைப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார். "யாரும்மா இவரு? சொந்தமா? பார்த்ததே இல்லையே."

அம்மாவின் முகம் வெளுத்தது. வெள்ளைச் சட்டைக்காரர் முந்திக்கொண்டு, "நான் நூல் கடைக்காரன்ங்க, தற்செயலா இங்க..." என்று ஆரம்பித்தார். நான்கு பேர் எதிரில் அம்மாவை மறைக்க அவர் சொல்கிற பொய் அது. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டு அம்மா தலையைக் குனிந்தாள், அதை என்னால் பார்க்க முடியவில்லை.

"அம்மாவுக்குப் பார்த்திருக்கோம்" என்றேன்.

பாட்டி முகவாயில் கை வைத்தார். மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

நான் மனம் மாறிச் சொன்னேன் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். அப்படி இல்லை. அந்த ஆள் மேல் எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. தெருவில் யாரும் அம்மாவைப் பற்றிக் கதை கட்டுவதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவது மேல் என்று பட்டது, அவ்வளவுதான். கிளம்புகிற வரை அந்த ஆளோடு நான் பேசவில்லை. மகளின் போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

ஆரணியில் ஒரு மாசம் பேசினார்கள். அப்புறம் வேறு வீட்டைப் பற்றிப் பேசினார்கள். வைகாசியில் அம்மாவும் அவரும் ரெஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிக் கையெழுத்துகளில் ஒன்று என் வீட்டுக்காரருடையது. அம்மா தையல் மெஷினோடு கண்ணமங்கலம் போனாள்.

அவர் மகளும் நானும் வாரம் ஒருமுறை பேசிக்கொள்கிறோம். "நேத்து சண்டை, ரெண்டு பேரும் பேசலக்கா" என்பாள். "யாரு மேல தப்பு?" என்பேன். அவரவர் பக்கத்தை அவரவர் விட்டுக்கொடுப்பதில்லை. போன மாசம் ஒருநாள் பதற்றமாகக் கூப்பிட்டாள். "தினமும் சாயந்திரம் கடையைச் சாத்திட்டு ரெண்டு பேரும் எங்கயோ போறாங்க. கேட்டா சொல்லமாட்டேங்கறாங்க. எனக்கு சரியாப் படலக்கா."

எனக்கும் படவில்லை. மறுநாளே பஸ் ஏறிப் போனேன். கடை சாத்தியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர் ஏரிப்பக்கம் கைகாட்டினார். ஏரிக்கரையில் அம்மா ஒரு புது ஸ்கூட்டியில் உட்கார்ந்து வளைந்து வளைந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். அவர் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடினார்.

நான் கூப்பிடவில்லை. புளியமரத்தடியில் நின்று அவர் மகளுக்குப் போன் போட்டு நடப்பதைச் சொன்னேன். உடனே அவள் கேட்டாள்.

"வண்டி யார் பேர்ல வாங்கியிருக்காங்கன்னு விசாரிச்சீங்களாக்கா?"

"இனிமேதான்" என்றேன்.