ஒரே நெகட்டிவ், இரண்டு நிறம்

நான் கறுப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இளவயதில் என் மூளையின் பாதியை அதை மறைப்பதற்குத்தான் செலவழித்தேன்.

சாவகச்சேரிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்ரூடியோவில் எனக்கு வேலை. படம் எடுப்பது பெரும்பாலும் முதலாளி, முகத்தை வெளுக்க வைப்பது நான். நெகட்டிவைச் சாய்ந்த கண்ணாடியில் வைத்து, ஊசிபோலக் கூராக்கிய பென்சிலால் கன்னத்திலும் நெற்றியிலும் மெல்ல மெல்லப் புள்ளி வைப்பேன். புள்ளி வைத்த இடமெல்லாம் படத்தில் வெளுத்து வரும். கலியாணப் பேச்சுக்குப் படம் எடுக்க வருகிற தாய்மார் என் மேசையடிக்கே வந்துவிடுவார்கள். "தம்பி, பிள்ளை பொது நிறம். வெயிலிலை திரிஞ்சு கொஞ்சம் மங்கிப்போச்சு, பாத்துச் செய்யுங்கோ" என்பார்கள். கறுப்பு என்று சொல்ல மனமில்லாதவர்களும் வெள்ளை என்று சொல்ல வாய் வராதவர்களும் ஒதுங்குகிற இடம்தான் பொது நிறம். பிள்ளையைப் பார்த்தால் என் நிறத்தில் இருக்கும். "ஓம் அம்மா, நீங்கள் யோசிக்காதேங்கோ" என்று சொல்லி அனுப்புவேன்.

எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்பது அந்த வேலைக்குச் சேரும் முன்பே எனக்குத் தெரியும். தெரிந்த நாளிலிருந்து பயம்தான். ஆனால் பயத்தோடு ஒரு சின்ன ஆறுதலும் இருந்தது. பெண் பார்க்கிற, மாப்பிள்ளை பார்க்கிற அந்தச் சந்தைக்குள் நான் போக வேண்டியதில்லை, என் நிறத்தை எவரும் விசாரிக்கப் போவதில்லை என்று நினைத்திருந்தேன். எவ்வளவு மடையன்! எங்களுக்குள்ளும் முதல் கேள்வி அதுதான். அதைவிட வெட்கக்கேடு, அந்தக் கேள்வியைக் கேட்டவன் நான்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. கொழும்பிலிருந்து வருகிற வாரப் பத்திரிகைகளில் பேனா நண்பர் பக்கம் இருக்கும். பெயர், வயது, விலாசம், பொழுதுபோக்கு, அவ்வளவுதான். நான் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கும் ஒரு ஆங்கிலப் பத்திரிகைக்கும் எழுதிப் போட்டேன். பொழுதுபோக்குக்குக் கீழே, 'ஆண் நண்பர்கள் மட்டும் எழுதவும்' என்று ஒரு வரி. விளங்குகிறவனுக்கு விளங்கும். விலாசம் ஸ்ரூடியோவுடையது. வீட்டுக்குக் கடிதம் வந்தால் அம்மா வாசித்து முடித்துவிட்டுத்தான் கையில் தருவார்.

முதலில் எழுதியவன் ஐரோப்பாவிலிருந்து ஒரு வெள்ளைக்காரன். அவனுக்குக் கறுத்த ஆண்களை மட்டும்தான் பிடிக்குமாம். எவ்வளவு கறுப்போ அவ்வளவு நல்லதாம். வாழ்க்கையில் முதல் தடவையாக என் நிறத்தை ஒருவன் வேண்டிக் கேட்கிறான், விடுவேனா? என் படத்தை வெளிச்சத்தில் ஐந்து செக்கன் கூடுதலாக வைத்து, கரிச்சட்டி மாதிரி அடித்து அனுப்பினேன். அடுத்த கடிதத்தில் சேட்டில்லாமல், தென்னையோடு சாய்ந்தபடி ஒரு படம் கேட்டான். அதற்கடுத்ததில் வெறுங்காலோடு வேண்டும் என்றான். நான் இரண்டு பக்கம் எழுதினால் அதில் ஒரு வரிக்கும் பதில் இராது. எங்கள் பக்கம் சண்டையில் நடந்ததையெல்லாம் எழுதியிருந்தேன், அதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அவனுக்கு நான் தேவையில்லை, என் தோல் மட்டும் போதும். கடிதங்களை நாலு துண்டாகக் கிழித்துக் குப்பைக்குள் போட்டேன்.

இவ்வளவு ரோசக்காரன் அடுத்ததாக என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

வல்வெட்டித்துறையிலிருந்து ஒருவன் எழுதினான். என் வயதுதான், இருபத்தாறு. தமையனின் வள்ளத்தில் தொழில். முதல் கடிதத்திலேயே என்னைச் சிரிக்க வைத்தான். இரண்டாவது கடிதத்தில் நான் கேட்டேன், 'நீர் என்ன நிறம்?' எங்கள் பக்கத்தில் நிறத்தைக் கேட்டால் சாதியையும் பாதி கேட்டதாகிவிடும். நான் தென்மராட்சியில் தோட்டம் செய்கிற குடும்பத்துப் பிள்ளை, அவன் கடற்கரை. இரண்டையும் ஒரே கேள்வியில் அளந்து பார்த்தேன் என்பதை இப்போது எழுதக் கை கூசுகிறது. 'பொது நிறம்' என்று பதில் வந்தது. எனக்கு அதுவே கொஞ்சம் ஏமாற்றம். நல்ல வெள்ளையாக ஒருவனைத்தான் மனதில் வைத்திருந்தேன்.

என்றாலும் எழுதினோம். எட்டு மாதம் எழுதினோம். கடலுக்குப் போகத் தடை வந்த வாரங்களில் பொழுது போகாமல் ஆறு பக்கம் எழுதுவான். எனக்குக் கடைவாய்ப் பல்லில் கொதி என்று ஒருமுறை எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு, நான் அந்தப் பல்லைப் பிடுங்கும்வரை ஒவ்வொரு கடிதத்திலும் பல்லை விசாரித்தான். பிடுங்கிய பிறகு அந்த இடத்தை விசாரித்தான். இந்தக் குடாநாட்டில் என்னை இன்னான் என்று அறிந்த ஒரே ஒரு ஆள் அவன். அவனும் என்னைக் கண்டதில்லை.

ஐந்தாவது மாதம் படம் கேட்டான்.

வெள்ளைக்காரனுக்குக் கறுப்பாய் அடித்த அதே நெகட்டிவை எடுத்தேன். இரண்டு நாள் மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் குந்தியிருந்து பென்சில் பிடித்தேன். மூக்கை எடுப்பாக்கினேன், கண்ணுக்குக் கீழே இருந்த கருமையை எடுத்தேன், கன்னத்தைப் பால் மாதிரி ஆக்கினேன். கொழும்பில் பங்களாவில் வளர்ந்த ஒருவன் வந்து நின்றான். அவனைக் கவருக்குள் போட்டு அனுப்பிவிட்டேன்.

பதில் வந்தது. 'இவ்வளவு வடிவான, இவ்வளவு வெள்ளையான ஆள் எனக்கு எழுதுகிறார் என்பதை நம்ப முடியவில்லை. தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன்.' அதை வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தத் தலையணைக்குள் இருக்கிறவன் மேல் எனக்குப் பொறாமை. இனி நேரில் கண்டால் எல்லாம் முடிந்தது என்று தெரிந்துவிட்டது. அவன் சந்திப்போம் என்று எழுதிய போதெல்லாம் பஸ் இல்லை, ஊரடங்கு, அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சாட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். முதலாளி தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். கடை வாசலில் ஒரு ஆள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தான். நல்ல கறுப்பு. அவனுக்குப் பக்கத்தில் நின்றால் நான்தான் பொது நிறம். இஸ்திரி போட்ட சேட், முதுகு முழுக்க வியர்வை. சேட் பொக்கெற்றிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தான்.

"அண்ணை, இவர் இங்கை வேலை செய்யிறவர்தானே? நான் வல்வெட்டித்துறையிலை இருந்து வாறன்."

படத்தில் என் வெள்ளையன் சிரித்துக்கொண்டிருந்தான்.

உண்மையைச் சொல்லவேண்டும். என் மனதில் முதலில் வந்தது, 'பொது நிறமாம், பொது நிறம்' என்ற எரிச்சல்தான். நான் கறுப்பன், எனக்கு முன்னால் நிற்கிற கறுப்பனைப் பார்த்து முகம் சுளித்தேன். அதற்கு அடுத்துத்தான் பயம் வந்தது. இவன் இப்போது என்னைக் கண்டுபிடிக்கப் போகிறான். இரண்டுக்கும் நடுவில் வாய் தானாகக் கதைத்தது.

"அவர் இண்டைக்கு லீவு."

அவன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை. என் தொழில் அவ்வளவு திறம். அவன் சோர்ந்துபோவான் என்று நினைத்தேன். அவனோ பெரிதாக ஒரு மூச்சு விட்டான்.

"சரி, வந்ததுதான் வந்தன், அடையாள அட்டைக்கு ஒரு படம் எடுப்பம். பழையது கடலோடை போட்டுது."

உள்ளே கூட்டிக்கொண்டு போய் ஸ்ரூலில் இருத்தினேன். லைற்றைப் போட்டேன். நாடியைப் பிடித்து முகத்தைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும், எல்லோருக்கும் செய்கிற வேலைதான். அன்று என் விரல் அங்கே ஒரு நொடி கூடுதலாக நின்றது. அவன் நேரே பார்த்தபடி, யாரோ கடைக்காரனுக்குச் சொல்வதுபோலச் சொன்னான்:

"ஆள் இல்லாததும் ஒருவிதத்திலை நிம்மதிதான் அண்ணை. பேனா சிநேகிதர். படத்தைப் பாத்தியள்தானே, எவ்வளவு வெள்ளை. நான் பொது நிறமெண்டு பொய் எழுதிப்போட்டன். கண்டவுடனை முகத்தைச் சுளிப்பாரோ எண்டு பஸ்ஸிலை வரேக்கை முழுக்க யோசிச்சுக்கொண்டு வந்தனான்."

சுளித்தவன் கமராவுக்குப் பின்னால் நிற்கிறான் என்பது அவனுக்குத் தெரியாது. நிலம் பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம் போலிருந்தது. "அப்பிடியெல்லாம் செய்யமாட்டார்" என்றேன்.

"கொஞ்சம் வெளுப்பாக்கி விடுறதோ?" என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"வேண்டாம் வேண்டாம். படத்திலை ஒரு நிறம், ஆளிலை ஒரு நிறமெண்டால் ஆமிக்காரன் பஸ்ஸாலை இறக்கிப்போடுவான். நான் எப்பிடியோ அப்பிடியே இருக்கட்டும்."

மூன்று மணிக்கு வரச் சொல்லி அனுப்பினேன். சந்தைப் பக்கம் சாப்பிடப் போனான்.

பிலிமைக் கழுவிக் காயவிட்டு, நெகட்டிவைக் கண்ணாடியில் வைத்தேன். பழக்கதோஷத்தில் கையில் பென்சில். இடது புருவத்தில் ஒரு வெட்டுக் காயம், கயிறு அடித்ததாக எழுதியிருந்தான். கண்ணோரத்தில் வெயிலுக்குச் சுருக்கிச் சுருக்கி விழுந்த கோடுகள். சிரிக்கக்கூடாது என்று சொல்லியும் உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்த சிரிப்பு. அந்த முகத்தில் ஒரு புள்ளி வைக்க எனக்கு இடம் கிடைக்கவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இவன்தான் வேண்டும் என்று அப்போது தெரிந்தது. நான் தேடிய வெள்ளையனைப்பற்றி அன்றைக்குப் பிறகு நான் யோசிக்கவேயில்லை.

சொல்லிவிடலாம் என்று முடிவுசெய்தபோது முதலாளி வந்துவிட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு அசையவேயில்லை. அவருக்கு முன்னால் என்னத்தைச் சொல்ல? படம் போடுகிற கவரில் ஆளின் பெயரையும் ஊரையும் எழுத வேண்டும். பேனையை எடுத்தவன் அப்படியே நின்றேன். எட்டு மாதமாக வாரம் ஒரு கடிதம். என் எழுத்தை அவனைவிட அறிந்தவர் எவருமில்லை. முதலாளியிடம் கொடுத்து எழுதுவிக்கலாம், சும்மா வெறும் கவரில் போட்டும் கொடுக்கலாம். அவன் வீட்டுக்குப் போய் வெள்ளையனுக்குக் கடிதம் எழுதுவான், நானும் வெள்ளையனாக இருந்து பதில் எழுதலாம். சாகும்வரை அப்படியே ஓட்டலாம்.

அவன் பெயரை எழுதினேன். கீழே 'வல்வெட்டித்துறை' என்று எழுதி, அவனுக்கு அனுப்புகிற கடிதம் வேறு ஊருக்குப் போய்விடக்கூடாது என்று வழமையாகப் போடுகிற இரண்டு கோட்டையும் அடியில் இழுத்தேன்.

மூன்று மணிக்கு வந்தான். கவரை நீட்டினேன். படங்களை வெளியே எடுத்துப் பார்த்து, "ஓம், நான்தான்" என்று சிரித்தான். திரும்ப உள்ளே வைக்கக் கவரைப் புரட்டியவனின் கை நின்றுவிட்டது. அந்த இரண்டு கோட்டையும் பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். முதலாளி பேப்பரில் ஒரு பக்கம் புரட்டினார்.

பொக்கெற்றிலிருந்து வெள்ளையனை எடுத்து, மேசையில் குப்புற வைத்தான்.

"அண்ணை, அவர் நாளைக்கு வருவார்தானே?"

"வருவார்."

"இதை அவரிட்டைத் திருப்பிக் குடுங்கோ. உந்தப் படத்திலை இருக்கிற ஆளை எனக்குத் தெரியாதெண்டு சொல்லுங்கோ."

முடிந்தது என்று நினைத்தேன்.

"ஆள் படத்தைவிடத் திறம். வேறை ஒண்டு எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ."

முதலாளி பேப்பருக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "ஆரைப்பற்றிக் கதைக்கிறியள்?"

"என்ரை சிநேகிதர் ஒராள் ஐயா. பல்லுப் பிடுங்கினவர். புண் ஆறிட்டுதோ எண்டும் கேட்டுச் சொல்லுங்கோ."

"ஆறிட்டுது" என்றேன்.

முதலாளி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அவருக்கு" என்று சேர்த்துக்கொண்டேன். அவன் சிரிப்பை அடக்க முடியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினான். கொடிகாமம் பஸ்ஸின் மிதிபலகையில் நின்று, கவரை ஒருமுறை உயர்த்திக் காட்டினான். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அழுகையும் வந்தது. அவ்வளவு நாளும் நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. பசி எடுத்தது. அந்தப் பின்னேரம் கடையில் ஆறு இடியப்பம் சாப்பிட்டேன்.

கடை பூட்டும் முன் முதலாளியிடம், எனக்கு ஒரு படம் எடுத்துத் தாருங்கள் என்று கேட்டேன். ஸ்ரூலில் போய் இருந்தேன். அவர் கமராவுக்குப் பின்னால் குனிந்தார்.

"வெளுப்பா வர லைற்றைக் கூட்டி விடவோடா?"

"வேண்டாம் முதலாளி. இது என்னைப் பாத்த ஆளுக்கு."